கறுப்புக் கண்ணாடி மட்டும் போதாது



கந்தளாயில் கேற், யன்னல் கிறில் செய்யும் வெல்டிங் பட்டறைகளுக்கு எங்கள் பிள்ளைகள் வேலை பழகப் போகிறார்கள். ஆண் துணையில்லாத வீட்டில் அந்தக் கூலிதான் அடுப்பெரிக்கிறது. நல்ல தொழில்தான். ஆனால், “கறுப்புக் கண்ணாடி போடுகிறான்தானே” என்று ஒரு தாய் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது.

வெயிலுக்குப் போடும் கண்ணாடி இந்த ஒளிக்கு உதவாது. மின்வெல்டிங்குக்கு முகத்தை மூடும் கவசமும், அதில் பொதுவாக 10ஆம் இலக்கமோ அதற்கு மேற்பட்டதோ ஆன கண்ணாடியும் தேவை. ஒளி பட்டவுடன் வலி தெரியாது. பல மணித்தியாலத்தின் பின், சாமத்தில், கண்ணுக்குள் மண் கொட்டியதுபோல் உறுத்தும். தாய்ப்பால் விடாதீர்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

புகையும் பொல்லாதது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. காற்றோட்டமான இடத்தில், புகை முகத்தில் படாதவாறு நின்று வேலை செய்ய வேண்டும். நாகம் பூசிய குழாயை ஒட்டிய நாளில் இரவு குளிர்காய்ச்சல் வந்தால், காரணம் அந்தப் புகையாக இருக்கலாம். பால் குடிப்பது அதற்குக் காப்பல்ல.

நைலோன் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்தி உடுப்பு, தோல் கையுறை, மூடிய சப்பாத்து அணியட்டும். எண்ணெய் இருந்த வெற்றுப் பரலை ஒட்டவே கூடாது, வெடிக்கும்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பை வேலை கொடுப்பவர் மீதே சுமத்துகிறது. ஆகவே சம்பளம் பேசும்போதே, “கவசமும் கையுறையும் தருவீர்களா?” என்று கேளுங்கள். அது சலுகையல்ல, உரிமை.