எதிர்ப்பொருளா, பிறபொருளெதிரியா? கலைச்சொல்லின் துல்லியம் குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழில் அறிவியலைக் கற்பிக்க இயலுமா என்னும் வினா பழமையானது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து அதற்கு விடையளித்துவிட்டார். இன்று எழுப்பவேண்டிய வினா வேறு: நாம் ஆக்கும் கலைச்சொல் தான் குறிக்கவந்த பொருளை மட்டும் குறிக்கிறதா? உயிரியல் ஆய்வகக் கருவி ஒன்றைச் சோதிக்கும் முறையைக் கொண்டே இதற்கு விடை காணலாம் என்பது இவ்வுரையின் கருத்து.

கருவியும் அதன் சோதனையும்

உயிரணு தன் பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்கொள்கிறது. இந்நிகழ்வுக்குக் கிறித்தியான் டி டூவ் 1963இல் 'தன்னை உண்ணல்' எனப் பொருள்படும் கிரேக்க வேர்களைக்கொண்டு பெயரிட்டார். தமிழில் இதனைத் 'தன்னுண்ணல்' எனலாம். இதற்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோசினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

தன்னுண்ணலுக்குரிய நொதிகளுள் ஒன்று ஏடிஜி7. உயிரணுவில் அந்நொதி உள்ளதா என அறிய, அதனோடு பிணையும் ஒரு புரதத்தை ஆய்வாளர் பயன்படுத்துவர். அந்நொதியின் ஒரு பகுதியை முயலின் உடலில் செலுத்துவது அப்புரதத்தைப் பெறும் வழிகளுள் ஒன்று. முயலின் உடல் அதனை அயற்பொருளாகக் கொண்டால்தான் அப்புரதம் தோன்றும்.

கிடைத்த புரதம் நம்பத்தக்கதா என்பதற்குச் சோதனை உண்டு. ஏடிஜி7 மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களில் அந்நொதி இராது. ஆகவே அங்குப் புரதம் எதனையும் காட்டுதல் கூடாது. காட்டுமாயின் அது வேறொன்றனோடும் பிணைகிறது என்பது தெளிவு. இத்தகைய பிழைப் பிணைப்பால் ஆய்வு முடிவுகள் பிழைபடுவதைச் சுட்டி, ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் புளூக்தூனும் ஆய்வாளர் பலரின் உடன்பாட்டுடன் 2015இல் 'நேச்சர்' இதழில் எழுதினர்.

சொல்லுக்கும் அச்சோதனை

இப்புரத வகையைத் தமிழகப் பாடநூல்கள் 'எதிர்ப்பொருள்' என்கின்றன. மேற்கண்ட சோதனையை இச்சொல்லுக்கு வைத்துப் பார்ப்போம். நோயெதிர்ப்பியல் என்னும் சூழலை நீக்கிவிட்டாலும் இச்சொல் வேறு பொருள்களோடு பிணைகிறது. இயற்பியல் எழுத்தில் அது பருப்பொருளின் எதிரிணையைக் குறிக்கிறது. சொற்பொருளியலில் எதிரான அர்த்தத்தைக் குறிக்கிறது. மேலும், எதிர்ப்பதே இப்புரதத்தின் பணி என்னும் எண்ணத்தையும் தருகிறது. ஆய்வகத்திலோ அது ஏடிஜி7ஐ அழிப்பதில்லை, அடையாளங்காட்டுகிறது.

இலங்கைத் தமிழ் வழக்கிலுள்ள 'பிறபொருளெதிரி' இக்குழப்பத்திற்கு இடந்தராது. 'எதிரி' என்னும் கூறு அதிலும் உண்டெனினும், 'பிறபொருள்' என்னும் முன்கூறு அப்புரதம் தோன்றிய காரணத்தையே உரைக்கிறது. மனித நொதி மனிதனுக்குத் தன்பொருள்; முயலுக்குப் பிறபொருள். சொல்லைப் பிரித்துணரும் மாணவன் கருவி உருவாகும் முறையையும் உணர்ந்துவிடுகிறான்.

'எதிர்ப்பொருள்' சுருங்கியது, வேரூன்றியது என மறுப்போர் உளர். சுருக்கம் நற்பண்பே, எனினும் தெளிவுக்குப் பிற்பட்டது. வேரூன்றிய பெயரையும் மாற்ற இயலும் என்பதற்குத் தன்னுண்ணல் துறையே சான்று. இன்று ஏடிஜி7 எனப்படும் ஈஸ்ட் மரபணுவை ஓர் ஆய்வகம் ஏபிஜி7 என்றும் மற்றொன்று சிவிடி2 என்றும் வழங்கின. 2003இல் ஆய்வாளர் ஒன்றுகூடித் தத்தம் பெயர்களைக் கைவிட்டு ஒரே பெயர்முறையை ஏற்றனர். தமிழகமும் ஈழமும் நொதி என்றும் நொதியம் என்றும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இது பாடமாகும்.

முடிவுரை

சொற்பிழையின் விலையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையுடையது என வழக்குத் தொடுக்கப்பட்டது. 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அருகே மணவாள நகரில் வாழும் தமிழ்வழி மாணவனுக்கும் அக்கல்லூரிக்கும் இடையிலுள்ள தொலைவைச் சாலையைக்கொண்டு மட்டும் அளத்தல் இயலாது.

ஆகவே, பாடநூலில் சேர்க்குமுன் ஒவ்வொரு கலைச்சொல்லையும் ஆங்கில மூலம் காட்டாது மாணவரிடம் அளித்து, அவர்கள் எப்பொருளை உணர்கின்றனர் எனச் சோதித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் உயிரியல் துறைகளும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளலாம். சில பதிப்புகளுக்கு இரு சொற்களையும் அருகருகே அச்சிட்டு, பின்னர்ப் 'பிறபொருளெதிரி'யை நிலைபெறச் செய்வது முதற்படியாக அமையும்.