பேண்டுக்காரரின் பெயர்

சென்ற மாதம் அண்ணனூரில் ஓர் இறுதி ஊர்வலம். டிரம்பெட் வாசித்தவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தோளில் சரிகைப்பட்டை வைத்த சிவப்புச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பழைய திரைப்பாடலொன்றை அவர் எடுத்தபோது அழுதுகொண்டிருந்தவர்களும் ஒரு கணம் அடங்கினர்.

பிறகு தேநீர்க்கடையில் அவரோடு பேசினேன். பதினான்கு வயதில் மாமாவின் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கச் சேர்ந்தவர். பாடல்கள் அனைத்தும் கேள்வி ஞானம். தையில் கல்யாணம், ஆடியில் அம்மன் கோயில், இடையில் சாவு வீடுகள். மற்ற நாட்களில் பெயிண்டர் வேலை. "பல்லு இருக்கிறவரைக்கும்தான் சார் இந்தத் தொழில். முன்பல்லு போச்சுன்னா ஊத முடியாது" என்றார்.

அவருடைய பெயரைக் கேட்கவில்லை என்பது வீடு திரும்பிய பின்னரே உறைத்தது.

இந்த மறதி என் ஒருவனுடையது மட்டுமன்று. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) மணலியில் வாழ்ந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்டார் என்பது மரபு. அந்த மேனாட்டு மெட்டுகளுக்கு அவர் இயற்றிய நோட்டு சுரச் சாகித்தியங்கள் இன்றும் பாடப்படுகின்றன. ஆனால் அன்று கோட்டையில் ஊதியவர்கள் யார்? நம் சங்கீத நினைவில் அவர்களுக்குப் பெயரில்லை.

மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அதைக் கர்நாடக இசைக்கு வசமாக்கினார். 2004இல் பத்மஸ்ரீ பெற்றார். கிளாரினெட்டுக்கு அதே தகுதியைத் தேடித்தந்த ஏ.கே.சி. நடராஜனுக்கு அவ்விருது 2022இல் கிடைத்தது. இருவரும் மேதைகள், அதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேண்டின் வாத்தியம் சபா மேடை ஏறி ராகம் வாசித்தபோதுதான் நாம் கைதட்டினோம். தெருவிலேயே நின்றுவிட்ட வாத்தியத்தை இசையென்றே எண்ணவில்லை; அதைச் சாவுச் சத்தத்தோடு சேர்த்துவிட்டோம்.

இலக்கியம் கற்பிக்கும் எனக்கும் இதில் பங்குண்டு. நாதஸ்வரக் கலைஞனைத் 'தில்லானா மோகனாம்பாள்' நாயகனாக்கியது. பேண்டுக்காரரின் வாழ்வை எழுத எவர் முன்வருவார்? கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தெருக்கூத்தையும் ஒப்பாரியையும் பதிவு செய்வதுபோல் இவர்களையும் பதிவு செய்யலாம். அவர்களுக்குப் பல் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

நான் முதலில் அந்தத் தேநீர்க்கடைக்குத் திரும்பப் போக வேண்டும். அவர் பெயரைக் கேட்க வேண்டும்.