காதில் நிற்பதே காப்பு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரைச்சல் மிகுந்த ஓர் ஆலையில் வேலை செய்பவரின் காதுகளுக்குச் சட்டத்தின் துணை உண்டு. இரைச்சலை அளக்க வேண்டும், செவிக்காப்பு கொடுக்க வேண்டும், வரம்பைத் தாண்டிய இரைச்சலில் நிற்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை கேள்திறன் சோதனை செய்ய வேண்டும் என்பதெல்லாம் முதலாளியின் கடமை. அதே தொழிலாளி சனிக்கிழமை காலையில் வீட்டு கிரில் கதவைக் கிரைண்டரால் தேய்க்கிறார். பிற்பகலில் புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொள்கிறார். தைப்பூசம் நெருங்கினால், மாலையில் உறுமி மேளப் பயிற்சிக்கும் போகிறார். அங்கெல்லாம் அவருக்கு அளந்து சொல்ல ஆள் இல்லை. செவிக்காப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது.

அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்கிறோம். இது மீட்டர், கிலோ போன்ற அலகு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது. ஆகவே 88 என்பது 85-ஐவிடச் சற்றே கூடுதல் போலத் தெரிந்தாலும், காதுக்குள் போகும் ஆற்றல் இரண்டு மடங்கு.

மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் இரைச்சல் விதிமுறைகள் இந்தக் கணக்கின்மேல் எழுந்தவை. அவற்றின்படி ஒரு நாளின் வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடங்களிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். 115 டெசிபலை ஒரு கணமும் தாண்டக் கூடாது. இதற்கு முன்பிருந்த 1989 விதிகளில் வரம்பு 90 டெசிபலாக இருந்தது. எனவே, “அந்தக் காலத்தில் இந்தச் சத்தத்தில்தான் வேலை பார்த்தோம்” என்று மூத்தவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அன்றைய வரம்பே தளர்வானது.

இனி நம் கையில் இருக்கும் கருவிகள். மின்சார டிரில் பெரும்பாலும் 95 டெசிபலை ஒட்டி ஒலிக்கும். கிரைண்டரும் புல்வெட்டும் இயந்திரமும் சுமார் 100. வட்ட ரம்பமும் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பமும் 105 முதல் 110 வரை போகும். கருவிக்குக் கருவி இது மாறும். இடமும் ஒலியை மாற்றும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் நீண்டு ஒடுங்கியவை. சுவரில் மோதிய ஒலி திரும்பத் திரும்பக் காதுக்கே வரும். அதே வேலையை வீட்டு நடுவே உள்ள வானவெளி முற்றத்திலோ பின்சந்திலோ செய்தால் இரைச்சல் குறையும். அளக்கும் கருவி இல்லாதவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், ஒலி 85-ஐ எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த இரைச்சல் காதுக்குள் என்ன செய்கிறது? உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதன் உள்ளே சுமார் 15,000 முடிச்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரியும் சைகையாக மாற்றுபவை இவையே. அளவு மீறிய ஒலி இவற்றைக் களைப்படையச் செய்கிறது. சத்தமான வேலைக்குப் பின் காது மந்தமாகி, உள்ளே ‘கொய்ய்’ என்று ரீங்கரிப்பது அந்தக் களைப்பின் அடையாளம். களைப்பு திரும்பத் திரும்ப வந்தால் செல்கள் மடிகின்றன. மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை.

முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதிகள். தமிழ் பேசும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன? உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில், வலுவாக வருகிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஓசையோ உயர்ந்த சுருதியில், நொடிப்பொழுதில் தோன்றி மறைகிறது. இலக்கணத்தில் வல்லினம் எனப்பட்டவைதான் காதில் முதலில் மெலிகின்றன. ‘பத்து’, ‘பட்டு’ இரண்டும் ஒன்றாகக் கேட்கும். பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. வலி இல்லாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவதால் பலர் இதை முதுமை என்றே எண்ணிவிடுகிறார்கள். 2010-களின் பிற்பாதியில் மலேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்பட்ட தொழில்சார் நோய்களில், இரைச்சலால் வந்த செவிக்கோளாறே முதலிடத்தில் இருந்தது.

இப்போது கடைக்கு வருவோம். செவிக்காப்பு அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று, துளைக்குள் செருகும் இயர் பிளக். இதைக் காதடைப்பான் என்போம். மற்றொன்று, காது மடலை முழுதும் மூடும் இயர் மஃப். இதைக் காதுறை என்போம். காதடைப்பானிலும் இரண்டு உண்டு. உருட்டிச் செருகினால் உள்ளே விரியும் பஞ்சுநுரை ஒன்று. குடை அடுக்கு போன்ற வடிவில் வரும், கழுவிப் பயன்படுத்தக்கூடிய ரப்பர் வகை மற்றொன்று. சாதாரணப் பஞ்சை உருட்டிக் காதில் வைப்பது இந்தக் கணக்கில் சேராது. அது தடுக்கும் ஒலி மிகக் குறைவு.

விற்கும் பொதியின்மேல் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க முறையில் அதன் பெயர் என்.ஆர்.ஆர்.; ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். இரண்டும் எத்தனை டெசிபல் குறையும் என்பதையே சொல்கின்றன. ஆனால் சோதிக்கும் முறை வேறு. ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். சற்றுக் கூடுதலாகவே வரும். எனவே ஒன்றன் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

அந்த எண்ணை அப்படியே கழித்துவிடவும் கூடாது. அது ஆய்வுக்கூடத்தில், கற்றுத் தந்தபடி சரியாக அணிந்தவர்களிடம் எடுத்த அளவு. வியர்வையும் அவசரமும் உள்ள இடத்தில் அந்த அளவு கிடைப்பதில்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு ஓர் எளிய கணக்கு தருகிறது. என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 29 என்று அச்சிட்ட நுரை அடைப்பானுக்கு, 29-இல் 7 போக 22. அதில் பாதி 11. புல்வெட்டும் இயந்திரம் 100 டெசிபல் என்றால் காதுக்குப் போவது சுமார் 89. அப்போது 15 நிமிட வரம்பு 3 மணி நேரத்துக்குமேல் நீள்கிறது. வீட்டுவேலைக்கு அது போதும். ‘29 டெசிபல் குறையும்’ என்று நம்பி நாள் முழுதும் வெட்டினால் போதாது.

எண்ணைவிட அணியும் விதம் முக்கியம். நுரை அடைப்பானைச் சுத்தமான விரல்களால் மெல்லிய திரி போல் உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குமேல் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். செருகி, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சத்தம் அதிகம் மாறாவிட்டால் அடைப்பான் சரியாக அமர்ந்திருக்கிறது. நன்றாகக் குறைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. கிரீஸ் படிந்த கையால் நுரையை உருட்டக் கூடாது. அடிக்கடி கழற்றி மாட்டும் வேலைக்குக் காதுறையே வசதி. ஆனால் மூக்குக்கண்ணாடியின் கம்பியோ அடர்ந்த முடியோ மெத்தைக்கு அடியில் சிக்கினால் அதன் காப்பு சில டெசிபல் குறைந்துவிடும். பினாங்கு வெயிலில் காதுறைக்குள் வியர்க்கும். வியர்த்தால் கழற்றத் தோன்றும்.

கழற்றுவதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 டெசிபல் முழுதாகத் தடுக்கும் ஒரு காப்பை ஒரு மணி நேரம் அணிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் 6 நிமிடம் மட்டும் கழற்றினால், மொத்தப் பலன் சுமார் 10 டெசிபலாகச் சரிந்துவிடும். அந்த 6 நிமிடத்தில் புகுந்த ஆற்றல், மற்ற 54 நிமிடங்களில் புகுந்ததைவிடப் பல மடங்கு. எனவே சுமாரான எண் உள்ள, தொடர்ந்து அணிய முடிகிற காப்பு, பெரிய எண் உள்ள, அடிக்கடி கழற்றப்படும் காப்பைவிட மேல்.

மிகையான காப்பும் நல்லதல்ல. காதுக்குப் போகும் ஒலி 75 முதல் 80 டெசிபல் அளவில் இருப்பது நலம். 70-க்குக் கீழே போனால், பின்னால் வரும் வண்டியும் கூப்பிடும் குரலும் கேட்காது. சங்கிலி ரம்பம் போன்ற மிகுந்த இரைச்சலுக்குக் காதடைப்பான்மேல் காதுறையையும் அணியலாம். ஆனால் இரண்டின் எண்களும் கூடிவிடாது. பெரிய எண்ணுக்குமேல் 5 முதல் 10 டெசிபலே கூடுதலாகக் கிடைக்கும்.

மேளக்காரருக்குத் தேவை வேறு. சாதாரண நுரை உயர்ந்த சுருதிகளையே அதிகம் விழுங்குவதால், உறுமியின் இழுப்பும் உடன் வாசிப்பவரின் தாளமும் மழுங்கிக் கேட்கும். எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றில் இசை இசையாகவே கேட்கும். அளவு மட்டும் குறையும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளைக் கடந்து தூக்கிச் செல்லப்படும் சிறு குழந்தைகளுக்குக் காதடைப்பான் ஆகாது. அது தொண்டையில் சிக்கக்கூடும். அவர்கள் தலைக்கேற்ற சிறிய காதுறையே ஏற்றது.

காப்பு கடைசிப் படி என்பதையும் சொல்ல வேண்டும். இரைச்சல் குறைந்த கருவியை வாங்குவதும், மழுங்கிய வாளை மாற்றுவதும், வேலை செய்யாதவர்களை விலகி நிற்கச் சொல்வதும் அதற்கு முந்தைய படிகள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. அதற்குச் செலவு எதுவுமில்லை.

செவிக்கருவி ஒலியைப் பெரிதாக்கும். மடிந்த செல்களை அது மீட்டுத் தராது. ஆகவே விலையையோ எண்ணையோ மட்டும் பார்த்து வாங்காமல், உங்கள் காதில் பொருந்துவதையும் வேலை முடியும் வரை நீங்கள் கழற்றாமல் இருக்கக்கூடியதையும் தேர்ந்தெடுங்கள். டிரில்லும் கிரைண்டரும் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். சுவிட்சைப் போடுவதற்கு முன் அதை அணியுங்கள். கருவி ஓய்ந்த பிறகே கழற்றுங்கள்.