கம்ப்யூட்டர் கெட்டால் இயந்திரத்தையே தூக்கிப் போடுவதா?

திருவண்ணாமலை அவலூர்பேட்டை சாலையில் சின்னதாக ஒரு சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு செதுக்குகிறவர்கள், கல்லில் எழுத்து வெட்டுகிறவர்கள், பெயர்ப்பலகை செய்கிறவர்கள் என்று, கம்ப்யூட்டர் சொல்கிறபடி செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பது என் தொழில். கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான அழைப்புதான் அதிகம் வருகிறது. "கம்ப்யூட்டர் போயிடுச்சுங்க. மெஷின் கொடுத்தவங்களைக் கேட்டா, பழைய மாடலுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க."

இந்தப் பேச்சை நம்பி யாரும் லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டாம்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிறு பட்டறைகளுக்கு வந்த ரௌட்டர்களில் பல, 25 பின் பேரலல் போர்ட் உள்ள கம்ப்யூட்டரில், விண்டோஸ் எக்ஸ்.பி.யும் மாக்3 மென்பொருளும் போட்டு ஓடியவை. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்தது. இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது. ஆனால் கெட்டது கம்ப்யூட்டர் மட்டும்தான். இரும்புச் சட்டமும் பால் ஸ்க்ரூவும் ஸ்டெப்பர் மோட்டாரும் அதை ஓட்டும் டிரைவும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. டிரைவுக்கு வேண்டியது இரண்டே சிக்னல்: ஒரு பல்ஸ் வந்தால் ஒரு ஸ்டெப் நகர வேண்டும், எந்தப் பக்கம் என்று இன்னொரு வயர் சொல்ல வேண்டும். யார் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் வேர்விட்ட லினக்ஸ் சி.என்.சி.யும், நார்வேக்காரர் ஒருவர் 2009-ல் தொடங்கிய ஜி.ஆர்.பி.எல்.லும் ஆகிய மென்பொருள்கள் அந்த வேலையை இலவசமாகவே செய்கின்றன.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, வோல்டேஜ். பழைய டிரைவின் உள்ளீடு 5 வோல்ட்டுக்கென்று செய்தது. புதிய கன்ட்ரோலராக வைக்க இன்று மலிவாகக் கிடைக்கும் ஈ.எஸ்.பி.32 போர்டு தருவதோ 3.3 வோல்ட். நேராக இணைத்தால் டிரைவில் சிக்னலை வாங்கும் ஆப்டோ கப்ளருக்குப் போக வேண்டிய கரண்ட்டில் ஏறக்குறைய பாதிதான் போகும். சில நேரம் ஓடும், சில நேரம் ஸ்டெப்பை விழுங்கும். நடுவில் 74எச்.சி.டி.245 என்ற சிப் ஒன்றை வைத்தால் போதும், 3.3 வோல்ட்டைப் புரிந்துகொண்டு 5 வோல்ட்டாகத் தரும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைவிடக் குறைவு.

இரண்டாவது, நேரம். செங்கம் பக்கம் ஒரு தச்சரின் ரௌட்டருக்குப் புதிய கன்ட்ரோலர் போட்டோம். நேர்கோடு சுத்தமாக வந்தது. பூஜையறைக் கதவில் அன்னப்பறவை செதுக்கும்போது மட்டும் உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேகத்தைக் குறைத்தாலும் அதே சாய்வு. அப்படியென்றால் குறை மோட்டாரின் இழுவையில் இல்லை. ஆசிலோஸ்கோப்பை மாட்டிப் பார்த்ததில், திசை வயர் மாறின உடனேயே பல்ஸும் வந்துகொண்டிருந்தது. பழைய ஆப்டோ கப்ளர் சட்டென்று விழித்துக்கொள்ளும், அணைவதற்குத்தான் நேரம் எடுக்கும். அதனால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும், பின்னால் வர வேண்டிய முதல் ஸ்டெப் முன்னால் போய்விடுகிறது. இரண்டு ஸ்டெப் பிழை. ஒரு சுற்றுக்கு 400 ஸ்டெப், ஸ்க்ரூவின் பிட்ச் 5 மில்லிமீட்டர் என்றால் அது 0.025 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செதுக்கும் டூல் வரிவரியாகப் போய்ப் போய் வருகிறது. 40 முறை போய் வந்தால் 1 மில்லிமீட்டர். ஸ்டெப்பர் மோட்டார் தான் எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்லாது என்பதால் கன்ட்ரோலருக்கும் இது தெரியாது. திசை மாறியபின் 20 மைக்ரோ நொடி கழித்துப் பல்ஸ் வரும்படி மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினோம். அன்னம் நிமிர்ந்துவிட்டது.

எல்லாப் பழைய இயந்திரத்தையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்க்ரூ தேய்ந்து ஆட்டம் கண்டதையும், இரவு பகலாக ஓட வேண்டியதையும் மாற்றுவதே நல்லது. புதிய கன்ட்ரோலர் போடுகிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது: எமர்ஜென்சி ஸ்டாப் என்பது மென்பொருளுக்குச் சேதி சொல்லும் பட்டனாக மட்டும் இருக்கக் கூடாது, மோட்டாருக்குப் போகும் பவரையே துண்டிக்க வேண்டும்.

உண்மையான தடை வேறு. வயரிங் படம் யாரிடமும் இல்லை. எந்தப் பின்னில் எது, டிரைவுக்கு எத்தனை வோல்ட், குறைந்தபட்ச பல்ஸ் அகலம் எவ்வளவு என்று ஒரு தாளில் அடங்கும் விவரத்தைக் கேட்டால், 'அது கம்பெனி ரகசியம்' என்கிறார்கள் விற்றவர்கள். சில டிரைவ்களில் எழுத்தையே சுரண்டி அழித்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கு இதில் என்ன ரகசியம்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போனும் மின்னணுப் பொருள்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. சிறு பட்டறை இயந்திரத்துக்கு அதில் இடமில்லை. விவசாயிக்கு டிராக்டர் எப்படியோ, தச்சருக்கு ரௌட்டர் அப்படி. ஐந்தாவதாக இதையும் சேர்க்க வேண்டும்.

தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அங்கே புதிய இயந்திரத்தில் பழகி வெளியே வரும் பிள்ளைகளில் பலர் போய்ச் சேரும் பட்டறையில் இருப்பது பழைய இயந்திரம். ஒவ்வொரு மையத்திலும் பழைய ரௌட்டர் ஒன்றை வைத்து, அதற்குப் புதிய கன்ட்ரோலர் பொருத்துவதைச் செய்முறைத் தேர்வாகவே வைக்கலாம்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை இயந்திரம் வாங்கும்போது வயரிங் படத்தையும் டிரைவின் மேனுவலையும் கையில் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.