கற்பிக்கச் செல்வோர் கற்க வேண்டியவை

கடல் கடந்து பிழைக்கச் செல்வது புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் இவ்வூர் மக்கள் சைகோனுக்குச் சிப்பாய்களாகவும் அலுவலர்களாகவும் சென்றனர். ரீயூனியன் தீவுக்குக் கூலிகளாகவும் சென்றனர். ஆனால் சாரம் போன்ற பகுதிகளில் வளர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்த ஓர் இளைஞர் அயல்நாட்டு வகுப்பறையை நாடிச் செல்வது வேறு வகைப் பயணமாகும். சிப்பாய்க்குக் கட்டளையை நிறைவேற்றினால் போதும். ஆசிரியரோ அந்நாட்டுப் பிள்ளைகளின் உள்ளத்தில் இடம்பெற வேண்டும். அதற்கு அவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழையும் வினா.

ஆங்கிலம் கற்பிக்கச் செல்பவர் முதலில் அந்நாட்டு மொழிக்கு மாணவராக வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. வாடகை வீடும் அரிசியும் கிடைத்துவிட்டால் ஊன்றிவிட்டோம் என்று பலர் எண்ணுகின்றனர். அவை உடலுக்கு இடம் தருமேயன்றி ஆசிரியப் பணிக்கு இடம் தரா.

இதற்குச் சான்றாக எத்தியோப்பியாவை நோக்குவோம். நபித்தோழர்கள் அடைக்கலம் புகுந்த அபிசீனியா என்று நம் முன்னோர் போற்றிய நாடே அது. 1936 முதல் 1941 வரை இத்தாலியர் அதனைக் கைப்பற்றி ஆண்டனர். அக்காலத்தில் படித்த இளைஞர் பலர் கொல்லப்பட்டனர். நாடு மீண்ட பின்னர்ப் பேரரசர் ஹைலே செலாசி பள்ளிகளைப் பெருக்க முனைந்தபோது, கற்பிக்க ஆளில்லாக் குறை நேர்ந்தது. அக்குறையைப் போக்கியவர்களுள் இந்திய ஆசிரியர்கள் முதன்மையானவர்கள். கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற பலர் அந்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றினர். உயர்நிலை வகுப்புகளில் பயிற்று மொழி ஆங்கிலமாதலின், அவர்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு மிகுதி.

அந்நாட்டில் புதிதாக இறங்கும் ஆசிரியரை முதலில் திகைக்க வைப்பது கடிகாரம். அங்கே பொழுது புலர்வதிலிருந்து மணி எண்ணுவர். நமக்குக் காலை எட்டு மணி எனில் அவர்க்கு இரண்டு மணி. 'இரண்டு மணிக்கு வகுப்பு' என்பதைக் கேட்டுப் பிற்பகலில் செல்பவர் வெறும் வகுப்பறையைத்தான் காண்பார். நாட்காட்டியிலும் பதின்மூன்று மாதங்கள். ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட ஏழு அல்லது எட்டு ஆண்டுகள் பின்தங்கியது. தலைநகர் அடிஸ் அபாபாவோ உதகமண்டலத்தினும் உயரமான இடத்தில் அமைந்தது. கடற்கரையில் பிறந்தவர்க்கு அங்கே படியேறினாலே மூச்சு வாங்கும். உணவாக வருவது புளித்த மாவில் வார்த்த, தோசையை ஒத்த இன்ஜெரா.

இவற்றை விந்தை என்று நகைப்பவர் அந்நியராகவே இருந்து திரும்புவார். சற்றே சிந்திப்பவரோ தம் வீட்டையே அங்குக் காண்பார். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள் நம் பாட்டன்மார் அல்லரோ? அம்மொழியின் எழுத்தும் அத்தகையதே. அம்ஹாரிக் மொழியில் முப்பத்துமூன்று அடிப்படை எழுத்துகள் ஏழேழு வடிவம் பெற்று 231 ஆகின்றன. பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும் கூடி 216 உயிர்மெய்யாவதைத் திண்ணைப் பள்ளியிலேயே கற்ற இனத்தார்க்கு இது கடினமன்று. அம்மொழியிலும் தமிழில் போலவே வினைமுற்று வாக்கிய இறுதியில் வரும். ஆதலின் ஆங்கிலச் சொல்லொழுங்கில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடத்திலேயே அவர்தம் பிள்ளைகளும் தடுமாறுவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு இந்தத் தடுமாற்றத்தின் காரணம் எளிதில் விளங்காது. இரண்டாம் மொழியாகக் கற்றுத் தேறிய நமக்கு அது விளங்கும். நம் ஆசிரியர்க்குரிய தனிப்பலம் இதுவே. புதுவைப் பெரியவர்க்கோ இது இன்னும் நன்கு புரியும். பிரெஞ்சு மொழியில் படித்தவர்கள், 1954க்குப் பின் ஆங்கிலத்துக்கு மாறப் பட்ட பாட்டை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள் அல்லரோ?

இனி, தொலைவு குறைந்த மாலத்தீவுக்கு வருவோம். அங்கே மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ இருநூறு. அத்தீவுப் பள்ளிகளில் நம்மவர் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றனர். மாசிக் கருவாட்டை நமக்கு அனுப்பிய நாடு; மார்க்கத்தாலும் நமக்கு நெருங்கியது. ஆயினும் மார்க்கம் ஒன்றாதலின் வழக்கமும் ஒன்றே என்று கருதலாகாது. திவேஹி மொழி சிங்களத்துக்கு உறவுடையது. அதன் தானா எழுத்து அரபுபோல் வலமிருந்து இடமாகச் சென்றாலும் அரபு எழுத்தன்று. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. 1343இல் அங்குச் சென்ற இப்னு பதூதா காஜியாக அமர்த்தப்பட்டார். கற்றறிந்தவர், ஆயினும் மக்களின் உடை, நடை முதலியவற்றைத் தம் மனம்போல் மாற்ற முனைந்தார். பெண்டிரின் உடை வழக்கை அவரால் மாற்ற இயலவில்லை. அதிகாரத்தில் இருந்தோரோடும் பிணக்கு ஏற்பட, 1344இல் தீவை விட்டகன்றார். கல்வியால் பதவி கிடைக்கலாம். அம்மக்களின் உள்ளத்தைப் பெறப் பொறுமையும் வேண்டும் என்பதற்கு அவர் வரலாறே சான்று.

'இரண்டாண்டு ஒப்பந்தத்துக்குச் செல்பவர்க்கு உள்ளூர் மொழி எதற்கு? ஊதியம் போதாதா?' என்று கேட்பார் உளர். குடும்பக் கடனுக்கும் தங்கையின் திருமணத்துக்கும் பொருள் தேடிச் செல்வதை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் கேள்வி கேட்க நாணும் மாணவனுக்கு அவன் மொழியிலேயே ஒரு சொல் சொன்னால், அவன் வாய் திறப்பான். வாய் திறந்தவனே ஆங்கிலமும் பேசுவான். எனவே உள்ளூர் மொழி ஆசிரியர்க்கு அணிகலன் அன்று, கருவி.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். கையொப்பமிடுவதற்கு முன், ஊதியம் எந்த நாணயத்தில், தங்குமிடம் யாருடைய பொறுப்பில், திரும்பும் பயணச்சீட்டு யாருடைய செலவில் என்பன எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்பதையும் விசாரியுங்கள். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பினால், வட்டிக் கவலையில் இருப்பவர்க்கு அந்நாட்டு மொழியைக் கற்கும் மனம் எங்ஙனம் வரும்?

கல்லூரித் தமிழ்த்துறைகளும் இதில் பங்கேற்கலாம். தமிழின் எழுத்தையும் தொடரமைப்பையும் தெளிவாக உணர்ந்தவர், எம்மொழியையும் விரைந்து கற்பார். அயல்நாட்டில் பணியாற்றித் திரும்பிய ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, மாணவரோடு உரையாடச் செய்தல் நன்று. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

மாணவச் செல்வங்களே! பயணப் பெட்டியில் ஊறுகாயும் பொடியும் இருக்கட்டும். இலக்கண நூலும் இருக்கட்டும். அவற்றோடு எழுதப்படாத ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் முதற்பக்கத்தை அந்நாட்டுப் பிள்ளை ஒன்று உங்களுக்குக் கற்பிக்கும் முதற்சொல் நிரப்பட்டும்.