சரஸ்வதி கடாட்சமா, பள்ளிக்கூடப் பழக்கமா?

ஒரு பிள்ளை நன்றாய்ப் பாடிவிட்டால் போதும், "சரஸ்வதி கடாட்சம்" என்றும், "பூர்வஜென்ம புண்ணியம்" என்றும், "அந்தக் குலத்துக்கே வந்த வித்தை" என்றும் சொல்லிவிடுவது நம் மக்களின் வழக்கமாயிருந்து வருகின்றது. இப்படிச் சொல்வதனால் பாடுகின்ற பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பாட வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் கதி என்ன? "உனக்குக் கடவுள் கொடுக்கவில்லை" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்துவிடுகின்றார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டிய வாத்தியாரும், செலவு செய்ய வேண்டிய சர்க்காரும் அந்த ஒரு வார்த்தையின் மறைவில் தப்பித்துக்கொள்ளுகின்றார்கள். ஆகவே இது வெறும் பக்தி சம்பந்தமான சங்கதி அல்ல. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கைப் பற்றிய சங்கதி என்றே நாம் கருதுகின்றோம்.

இதற்கு அத்தாட்சியாக ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து தேசத்துப் பிள்ளைகள் பாட்டுக் கோஷ்டி ஒன்றைத் தோழர்களுக்கு எடுத்துக்காட்ட ஆசைப்படுகின்றோம்.

ஹெல்சிங்கி நகரத்துக்கு மேற்கே எஸ்போவில் தாப்பியோலா என்று ஒரு குடியிருப்பு இருக்கின்றது. தாப்பியோ என்பது அந்நாட்டுப் பழங்கதையிலுள்ள காட்டுத் தெய்வத்தின் பெயர். பெயரோடு சரி, அத்தெய்வம் அங்கு ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை. 1939 முதல் 1944 வரை நடந்த யுத்தங்களில் சோவியத்துக்குப் பறிகொடுத்த பிரதேசங்களிலிருந்து நாலு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்து வந்தார்கள். நாடு முழுதும் குடியிருக்க இடமில்லாத அக்காலத்தில், 1946-ல், ஹெய்க்கி வான் ஹெர்ட்சென் என்பவர், நம் பிள்ளைகளுக்கு வேண்டியது வீடா, பட்டாளக் கொட்டடியா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1950-க்கு மேல் கட்டியெழுப்பிய ஊர்தான் தாப்பியோலா. பணக்காரனுக்கு ஒரு தெரு, கூலிக்காரனுக்கு ஒரு தெரு என்றில்லாமல், பல தரத்தாரும் கலந்து வாழ வேண்டுமென்று யோசித்தே கட்டினார்கள்.

அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியாராயிருந்த எர்க்கி போஹ்யோலா என்பவர் 1963-ல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இக்கோஷ்டியை ஆரம்பித்தார். எட்டு வருஷத்தில், அதாவது 1971-ல், பி.பி.சி. நடத்திய சர்வதேச ரேடியோப் பாட்டுப் போட்டியில் இது வெள்ளி ரோஜாக் கிண்ணத்தைப் பெற்றது. ரேடியோவில் நெற்றியிலிருப்பதும் தெரியாது, தகப்பன் பெயரும் தெரியாது. காதில் விழுவது ஒன்றுக்கே அங்கு மதிப்பு.

இவர் என்ன மந்திரம் உபதேசித்தார்? ஹங்கேரி தேசத்து சொல்தான் கொடாய் என்ற சங்கீத நிபுணரின் முறையைப் பின்லாந்துப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தவர்களில் இவரும் ஒருவர். காசு கொடுத்து வாங்க வேண்டாத வாத்தியம் தொண்டை. அது எல்லாரிடமும் இருக்கின்றது. ஸ்வரங்களைக் கைச் சைகையால் காட்டி, சிறு வயதிலேயே காதைப் பழக்கி, எழுத்துப் படிப்பது போலவே பாட்டையும் படிக்கச் செய்வதுதான் அம்முறை. இக்கோஷ்டிப் பிள்ளைகள் பாடுவதோடு நில்லாமல் பிடில், புல்லாங்குழல் முதலியவைகளையும் தாங்களே வாசிக்கின்றார்கள்.

நாம் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது வேறொன்று. பெரியவர்கள் கோஷ்டியில் ஒருவர் முப்பது வருஷம் பாடலாம். பிள்ளைகள் கோஷ்டியில் அது நடவாது. பையனுக்கு மகரக்கட்டு வந்தால் குரல் மாறிவிடும். பெண்ணும் வளர்ந்து வேறு படிப்புக்குப் போய்விடுவாள். சில வருஷத்துக்கொரு முறை கோஷ்டியிலுள்ள தொண்டைகள் எல்லாமே புதுத் தொண்டைகள்! அப்படியிருந்தும் "தாப்பியோலா நாதம்" என்று உலகம் அடையாளம் கண்டுகொண்ட ஒலி மாத்திரம் மாறாமலிருந்தது. குரல்வளம் தனித்தனி ஆளுக்குத் தெய்வம் கொடுத்ததானால், 1963-ல் சேர்ந்த பிள்ளைகள் வெளியேறிய தினமே இக்கோஷ்டியும் முடிந்திருக்க வேண்டாமா? அல்லது தெய்வமானது தலைமுறை தலைமுறையாக ஒரே பள்ளிக்கூடத்து வாசலில் காத்துக் கிடந்ததா? புராணிகர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"போஹ்யோலா சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவராயிற்றே" என்று ஒருவர் குறுக்கே கேட்கலாம். வாஸ்தவம். அவருடன் பிறந்தவர்களில் பேர்பெற்ற பிடில்காரரும் உண்டு, பியானோ வாசிக்கும் அம்மையாரும் உண்டு. ஆனால் அவர் தம் வீட்டில் கிடைத்ததை வீட்டுச் சொத்தாகப் பூட்டி வைக்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். 31 வருஷம் நடத்திவிட்டு, 1994-ல் காரி அலா-பொல்லனென் என்பவரிடம் ஒப்படைத்தார். அவருக்குப் பின் 2008-ல் பாசி ஹியோக்கி ஏற்றுக்கொண்டார். மகனுக்குப் பட்டம் கட்டவில்லை. மடமாயிருந்தால் இதற்குள் இரண்டு கட்சியும் ஒரு கோர்ட்டு வழக்கும் நடந்திருக்கும்.

ஐரோப்பாவிலும் எப்போதும் இப்படி இருந்துவிடவில்லை. ரோமாபுரிக் கோவிலில் பெண் வாய் திறக்கக் கூடாதென்று, உச்சஸ்தாயிக்காகப் பையன்களை விதையடித்துப் பாட வைத்த கொடுமை பல நூறு வருஷம் நடந்தது. அப்படிப் பாடியவர்களில் கடைசியாகப் பேர்பெற்றிருந்த மொரெஸ்கி 1922-ல்தான் இறந்தார். 1903-ல் கூட அப்போதைய போப்பாண்டவர், கோவில் பாட்டு ஊழியத்துக்குப் பெண்களுக்கு யோக்கியதை இல்லை, உச்சக்குரலுக்குப் பையன்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவிட்டார். தாப்பியோலாவிலோ பெண்ணும் ஆணும் ஒரே வரிசையில் நின்று பாடுகின்றார்கள்.

"அவர்களும் கிறிஸ்தவப் பூசைப் பாட்டுப் பாடியவர்கள்தானே?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். ஆம், ரவுத்தவாரா என்ற பெரிய வித்வான் இக்கோஷ்டிக்கென்றே 1973-ல் பிள்ளைகளுக்கான பூசை இசை ஒன்றை எழுதினார், பாடினார்கள். அடுத்த வருஷம் சல்லினென் என்பவர் கடலைப் பற்றிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தார், அவைகளையும் பாடினார்கள். பூசைப் பாட்டுக்கு ஒத்திகை வேண்டாம், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று போஹ்யோலா பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.