அத்தை சொல்ல, கம்ப்யூட்டர் எழுத

என் மாமியாருக்குக் கை நடுக்கம். ஊரிலிருக்கும் தங்கைக்குக் கடிதம் எழுத முடியவில்லையே என்று ஒரே ஏக்கம். பையனுடைய கம்ப்யூட்டரில், குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, 'டூல்ஸ்' பகுதியில் 'வாய்ஸ் டைப்பிங்' எடுத்து, மொழியைத் தமிழாக மாற்றினேன். (கூகுளின் குரல் தட்டச்சில் 2017-லேயே தமிழ் வந்துவிட்டது; நமக்குத்தான் தெரியவில்லை!) மைக் படத்தை அழுத்தினால் அனுமதி கேட்கும், 'அலவ்' கொடுங்கள். இன்டர்நெட் அவசியம்.

அத்தை மூச்சுவிடாமல் பேச, பாதி வார்த்தை மாறிப் போச்சு! நிதானமாகச் சொல்லச் சொன்னேன். குக்கர் விசிலும் பட்டாபிராம் ரயில் சத்தமும் ஓயும்வரை காத்திருந்தோம். முற்றுப்புள்ளியை மட்டும் நான் தட்டினேன்.

"சின்னவளே சௌக்கியமா" என்று திரையில் வந்ததும், அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அன்றைக்கே தபாலில் சேர்த்தோம்.